ஆஸ்பத்திரி ஏட்டில் உள்ள அமானிதம்

மனிதன் தன் வியாதியை யாரிடமும் எளிதில் சொல்லிவிடுவதில்லை. பெற்ற தாயிடம் மறைத்ததை, கட்டிய மனைவியிடம் சொல்லக் கூசியதை, வைத்தியரின் முன்னே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொல்கிறான். சொல்லாவிட்டால் குணம் கிடைக்காது. ஷரீஅத்தும் இந்த அவசியத்தை ஏற்றுக்கொண்டிருக்கிறது. மற்றவர் பார்க்கக் கூடாத அவ்ரத்தைக்கூட சிகிச்சைக்குத் தேவையான அளவுக்கு வைத்தியர் பார்க்கலாம் என்று சட்டமேதைகள் அனுமதித்திருக்கிறார்கள். 'தேவையான அளவுக்கு' என்பதை வாசகர்கள் நினைவில் நிறுத்திக்கொள்ள வேண்டும். நிர்ப்பந்தத்தால் ஆகுமாக்கப்பட்ட எதுவும் அந்த நிர்ப்பந்தத்தின் எல்லையோடு நின்றுவிடும் என்பது பிக்ஹின் பிரபலமான விதி. கீழே நாம் எழுதப் போகும் மஸ்அலாவுக்கு இவ்விதியே அஸ்திவாரம்.

முன்பெல்லாம் நோயாளி சொன்னது வைத்தியரின் நெஞ்சிலோ அலமாரியில் இருந்த ஓர் ஏட்டிலோ தங்கிவிடும். நாளடைவில் வைத்தியர் மறந்துவிடுவார். ஏட்டைச் செல் அரித்துவிடும். (செல்லும் இந்த வகையில் நமக்கு ஓர் உபகாரம் செய்தது என்றே சொல்ல வேண்டும்.) இன்று அது கம்ப்யூட்டரில் ஏறுகிறது. ஏறியது தானாக அழிவதில்லை. புதுச்சேரியிலிருந்து அமெரிக்கா போக அதற்கு ஒரு நொடி போதும்.

அதைக் கேட்டு வருகிறவர்களும் பெருகிவிட்டார்கள். எந்த ஊரில் எந்த வியாதி அதிகம், எந்த டாக்டர் எந்த மருந்தை எழுதுகிறார் என்று தெரிந்தால் மருந்துக் கம்பெனியின் விற்பனை பெருகும். யாருக்கு நாளை நெஞ்சுவலி வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்தால் யாரிடம் எவ்வளவு பிரீமியம் வாங்குவது, யாரைத் தட்டிக்கழிப்பது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கணக்குப் போடும். எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்துத் தானே நோயைக் கண்டுபிடிக்கும் கம்ப்யூட்டர்களை உண்டாக்கும் கம்பெனிகள் உள்ளன. அந்த இயந்திரத்துக்குப் பாடம் கற்பிக்க இலட்சக்கணக்கான நோயாளிகளின் படங்கள் வேண்டும். இவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரியோ இரத்தப் பரிசோதனைக் கூடமோ தன்னிடமுள்ள விவரங்களைக் கொடுக்கலாமா? விற்கலாமா?

நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் ஜும்ஆவுக்குப் பின் இதே கேள்வியைக் கொண்டு வந்தார். ஒரு பரிசோதனைக் கூடத்தில் சர்க்கரை பார்த்தாராம். இரண்டாம் நாள் முன்பின் தெரியாத ஒருவர் போனில் அழைத்து, பெயர் சொல்லி, சர்க்கரைக்கு மருந்து விற்க வந்தாராம். "எனக்கு அது பரவாயில்லை ஹஜ்ரத். அதே இடத்தில்தான் மகளுக்கும் பரிசோதனை செய்தேன். நிகாஹ் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது" என்று தாழ்ந்த குரலில் சொன்னார். பிறகு, "நான்தான் கையெழுத்துப் போட்டுவிட்டேனே, இனி என்ன கேட்க முடியும்?" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

இது தூர தேசத்துப் பிரச்சினை என்று யாரும் எண்ண வேண்டாம். நோயாளிகளின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் இணைக்கும் மத்திய அரசுத் திட்டம் 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டபோது, முதலில் பரீட்சித்துப் பார்க்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட 6 யூனியன் பிரதேசங்களில் நம் புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் அது வந்தது. ஆளுக்கு 14 இலக்க எண் ஒன்று தருகிறார்கள். அதை 'ஆபா' எண் என்கிறார்கள். இதுவரை 70 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் உண்டாக்கப்பட்டுள்ளன. நியாயமாகச் சொல்வதானால் இத்திட்டத்தில் நன்மை உண்டு. பெரியாஸ்பத்திரியில் பார்த்ததை ஜிப்மரில் மறுபடி ஆரம்பத்திலிருந்து சொல்லத் தேவையில்லை. பழைய சீட்டுகளைப் பையில் கட்டிக்கொண்டு கோரிமேட்டுக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. விவரங்கள் ஒரே இடத்தில் குவிக்கப்படாமல் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும், நோயாளி சம்மதித்தால்தான் இன்னொருவருக்குப் போகும், சேருவது அவரவர் விருப்பம் என்பதும் அத்திட்டத்தின் விதிகளே.

விதி அப்படி. நடந்தது வேறு. 2021-ல் கொரோனா தடுப்பூசி போட ஆதாரைக் காட்டிய எத்தனையோ பேருக்கு இந்த எண் அவர்கள் அறியாமலே உண்டாயிற்று. தடுப்பூசிச் சான்றிதழில் அச்சாகி வந்ததைப் பார்த்த பிறகே பலருக்கு விஷயம் தெரிந்தது. ஊசி போட வந்தவர் ஊசிக்காக ஆதாரைக் கொடுத்தார். அந்தச் சம்மதத்தை வேறொரு காரியத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். ஊசி போட்டது அரசு என்பதால் இதில் வியாபாரம் இல்லை என்று சொல்லலாம். ஆனால் ஒன்றுக்குக் கேட்டு இன்னொன்றுக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கம் இங்கேதான் ஆரம்பமாகிறது.

வைத்திய இரகசியம் என்பது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. 1810-ல் பிரெஞ்சுக்காரர்கள் இயற்றிய தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு, வைத்தியர், ரண வைத்தியர், மருந்து விற்பவர், மருத்துவச்சி ஆகியோர் தொழில் முறையில் அறிந்த இரகசியத்தை வெளியிட்டால் ஒரு மாதம் முதல் 6 மாதம் வரை சிறையும் 100 முதல் 500 பிராங்க் வரை அபராதமும் என்று விதித்திருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது அந்தப் பட்டியலை. அதில் உள்ள அனைவரும் மனிதர்கள். நோயாளி முகத்தை அறிந்தவர்கள். தெருவில் எதிர்ப்பட்டால் ஸலாம் சொல்லக்கூடியவர்கள். இன்று இரகசியத்தை வைத்திருக்கும் கம்பெனிக்கு முகமில்லை. கேட்கப் போனால் ஒரு கண்ணாடிக் கவுண்ட்டருக்குப் பின்னால் இருக்கும் பையன் "சிஸ்டத்தில் அப்படித்தான் வருது பாய்" என்பான். அவன்மேல் குற்றமும் இல்லை.

இனி மார்க்கத்தின் பார்வைக்கு வருவோம். அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் சேர்க்கும்படி அந்நிஸா அத்தியாயத்தின் 58-ஆம் ஆயத்து கட்டளையிடுகிறது. அமானிதம் என்றதும் நமக்கு நகையும் பணமும்தான் நினைவுக்கு வருகின்றன. பேச்சும் அமானிதமே. ஒருவர் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்தாரானால் அது கேட்டவரிடம் அமானிதமாகிவிடும் என்ற கருத்துள்ள நபிமொழி அபூதாவூதிலும் திர்மிதீயிலும் வந்திருக்கிறது. "யாரிடமும் சொல்லாதே" என்று அவர் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை. திரும்பிப் பார்த்ததே போதும். வைத்தியரின் அறைக் கதவைச் சாத்திவிட்டுப் பேசும் பெண்ணும் அப்படித் திரும்பிப் பார்த்தவள்தானே!

இதை நாமாக இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. உலக முஸ்லிம் நாடுகளின் சட்ட அறிஞர்கள் கூடும் ஜித்தாவின் சர்வதேச பிக்ஹு அகாடமி, 1993 ஜூன் மாதம் புரூணையில் கூடிய 8-வது அமர்வில் வைத்தியத் தொழிலின் இரகசியத்தைப் பற்றியே தனியாக ஒரு தீர்மானம் (எண் 79) நிறைவேற்றியது. மறைக்கும்படி கேட்டுச் சொன்னது மட்டுமின்றி, மறைக்கப்பட வேண்டியது என்று வழக்கத்தால் அறியப்படுவதும் இரகசியமே, அது அமானிதம், தகுந்த காரணமின்றி வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம் என்பது அதன் சாரம். மறைப்பதால் வரும் தீங்கு வெளியிடுவதால் வரும் தீங்கைவிடப் பெரிதாக இருக்கும் சந்தர்ப்பங்களுக்கு அதில் விலக்கு உண்டு. கம்பெனியின் இலாபம் அந்த விலக்குகளில் சேராது.

இங்கே சிலர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். நகையை அடகுக் கடையில் வைத்தால் நகை போய்விடும். விவரம் அப்படியல்லவே? பிரதி எடுத்துக் கொடுத்தாலும் அசல் அப்படியே இருக்கிறது. நோயாளிக்கு என்ன நஷ்டம்?

ஆட்சேபம் கெட்டிக்காரத்தனமானது. ஆனால் இதற்கு நபி (ஸல்) அவர்களின் காலத்திலேயே பதில் கிடைத்துவிட்டது. அவர்களுடைய வீட்டுக் கதவின் துவாரம் வழியாக ஒருவர் உள்ளே பார்த்தார். அப்போது நபியவர்களின் கையில் தலை வாரும் கருவி ஒன்று இருந்தது. நீர் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்திருந்தால் இதனாலேயே கண்ணில் குத்தியிருப்பேன் என்றும், அனுமதி கேட்பது ஏற்படுத்தப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் அவர்கள் கடிந்துகொண்டதாக புகாரீயிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. எட்டிப் பார்த்தவர் வீட்டிலிருந்து ஒரு சட்டியைக்கூட எடுத்துச் செல்லவில்லை. வீட்டில் எதுவும் குறையவில்லை. இருந்தும் அது அநீதி. நோயாளியின் ஏட்டை அனுமதியின்றிப் புரட்டுவதும் இந்தக் கதவுத் துவாரத்தைச் சேர்ந்ததே.

சரி, அனுமதி வாங்கிவிட்டால்? இங்கேதான் அந்தச் சகோதரரின் கையெழுத்து வருகிறது. அடுத்தவரின் பொருளை அனுபவிக்க ஷரீஅத் கேட்பது மனப்பொருத்தம். கைநாட்டு அதற்கு ஓர் அடையாளம் மட்டுமே. வலியோடு வரிசையில் நிற்பவரிடம் பொடி எழுத்தில் அச்சிட்ட தாளை நீட்டி, கையெழுத்துப் போடாவிட்டால் டோக்கன் இல்லை என்றால் அவர் எதற்குத்தான் சம்மதிக்க மாட்டார்! நிர்ப்பந்தத்தில் இருப்பவரின் சம்மதத்தைக் காட்டிக் காரியம் சாதிப்பவரை நம் கிதாபுகள் நல்ல கண்கொண்டு பார்ப்பதில்லை. ஆகவே அச்சகோதரர் இட்ட கையெழுத்து, இரத்தத்தைப் பரிசோதிக்கவும் முடிவை அவரிடமும் அவருடைய டாக்டரிடமும் கொடுக்கவும் செல்லும். மருந்து வியாபாரிக்கு அவருடைய போன் எண்ணைக் கொடுக்க அது செல்லாது. கொடுத்த கூடம் அமானிதத்தில் கியானத்துச் செய்ததாகவே ஆகும் என்று அவருக்குச் சொன்னோம்.

2023 ஆகஸ்டில் நிறைவேறிய தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. சம்மதம் சுதந்திரமாக, நிபந்தனையின்றி, குறிப்பிட்ட காரியத்துக்காக, விஷயம் தெரிந்து தரப்பட்டதாக இருக்க வேண்டும். அக்காரியத்துக்கு அவசியமான விவரத்தை மட்டுமே அது கட்டுப்படுத்தும். தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தேவையான அளவு என்ற நம் பழைய விதியை டில்லியில் வேறு பாஷையில் எழுதியிருக்கிறார்கள். ஒரு குறை என்னவென்றால், வியாதி பற்றிய விவரத்துக்குத் தனி மரியாதை தர வேண்டும் என்று முந்தைய நகல்களில் இருந்த பாகுபாடு இச்சட்டத்தில் இல்லை. செருப்பின் அளவும் கர்ப்பத்தின் விவரமும் இதில் ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளன. இதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளிவந்தன. கம்பெனிகளின் மீதான முக்கியக் கடமைகள் அமலுக்கு வர அதிலிருந்து 18 மாதம் அவகாசம் தரப்பட்டுள்ளது.

சம்மதமின்றிக் கொடுத்ததால் கோர்ட் வரை போன விவகாரம் ஒன்று நம் மாஹேக்கு அக்கம்பக்கத்திலேயே நடந்தது. 2020 ஏப்ரலில் கேரள அரசு, கொரோனாவுக்காகத் தனிமைப்படுத்தப்பட்டோர், முதியோர், நோயாளிகள் ஆகியோரின் விவரங்களை வார்டு வாரியாகத் திரட்டி, ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் கம்ப்யூட்டரில் ஏற்றியது. ஆரம்பத்தில் கம்பெனி காசு கேட்கவில்லை; சேவை இலவசம் என்றது. சட்ட இலாகாவைக் கலந்துகொள்ளாமலே ஒப்பந்தம் போடப்பட்டிருந்தது. தகராறு வந்தால் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையும் அதில் இருந்தது. பாலக்காட்டிலோ கண்ணூரிலோ உள்ள ஒரு கூலித் தொழிலாளி நியூயார்க்குக்குப் போய் வழக்காடுவதாம்! எதிர்க்கட்சியினர் கேள்வி எழுப்பினர், வழக்குத் தொடரப்பட்டது. ஏப்ரல் 24 அன்று கேரள உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவு இட்டது. விவரங்களிலிருந்து ஆளை அடையாளம் காட்டும் பகுதிகளை நீக்கிய பிறகே கம்பெனி அவற்றைத் தொடலாம். இனி விவரம் சேகரிக்கும்போது, மூன்றாம் நபரின் கைக்கு இது போகக்கூடும் என்று சொல்லிச் சம்மதம் பெற வேண்டும் என்றது. அடுத்த மாதம் அரசு அந்த வேலையை சி-டிட் என்ற தன் சொந்த நிறுவனத்திடம் மாற்றிக்கொண்டது. ஒப்பந்தம் போட்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஊரே பயந்து கிடந்த நேரம். ஆனால் நிய்யத்து நல்லதாயிருப்பதால் பிறருடைய அமானிதம் நம்முடையதாகிவிடாது.

அதே 2020-ல், டில்லி நிஜாமுத்தீன் கூட்டத்துக்குப் போய்வந்தவர்களின் பெயர்ப் பட்டியல்கள் ஊருக்கு ஊர் வாட்ஸப்பில் சுற்றியதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வியாதியின் விவரம் கைமாறினால் என்ன ஆகும் என்று நம் குடும்பங்களுக்கு யாரும் புத்தகம் போட்டு விளக்க வேண்டியதில்லை.

பெயரை நீக்கிவிட்டுக் கொடுக்கலாம் என்பது இப்போது அதிகமாகச் சொல்லப்படும் சமாதானம். இதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இதில் உண்மையும் இருக்கிறது, ஏமாற்றும் இருக்கிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம், அரசு ஊழியர்களின் ஆஸ்பத்திரி விவரங்களைப் பெயர் நீக்கி ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுத்தது. லதான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலர் கொடுத்து ஒரு நகரத்தின் வாக்காளர் பட்டியலை வாங்கினார். பிறந்த தேதி, ஆணா பெண்ணா, தபால் எண் ஆகிய மூன்றை மட்டும் இரண்டிலும் ஒப்பிட்டு, அம்மாநில ஆளுநரான வில்லியம் வெல்டின் வைத்தியக் குறிப்பை அடையாளம் கண்டுவிட்டார். அதே பிறந்த தேதி உள்ளவர்கள் அந்நகரில் 6 பேர். அவர்களில் ஆண்கள் 3 பேர். அந்தத் தபால் எண்ணில் அவர் ஒருவரே!

நம் சட்டமேதைகள் இதைக் கம்ப்யூட்டர் இல்லாமலே புரிந்துகொண்டிருந்தார்கள். புறம் பேசும்போது பெயரைச் சொல்லாமல் "நம் ஊரில் ஒருவர்" என்று சொன்னால் அது புறமாகுமா என்ற மஸ்அலா உண்டு. கேட்பவருக்கு ஆள் இன்னார் என்று விளங்கிவிட்டால் அதுவும் புறமே, விளங்காவிட்டால் ஆகாது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'அல்-அத்கார்' கிதாபில் விளக்குகிறார்கள். பெயர் நீக்கிய விவரத்துக்கும் இதே அளவுகோலைப் பிடிப்பதுதான் சரி என்பது நம் கருத்து. 'சென்னையில் சர்க்கரை நோயாளிகள் இத்தனை பேர்' என்றால் யாரையும் விளங்காது. 'சுல்தான்பேட்டையில் 34 வயதுப் பெண், மூன்று முறை கர்ப்பம் கலைந்தது' என்றால், பெயர் இல்லாவிட்டாலும் தெருவுக்கே விளங்கிவிடும். மாநகரத்துக்குப் போதுமான திரை மஹல்லாவுக்குப் போதாது.

இவ்வளவு சொன்னதால், எதையும் யாருக்கும் கொடுக்கவே கூடாது என்று நாம் ஃபத்வா கொடுப்பதாக எண்ண வேண்டாம். காசநோயைக் கண்ட எந்த வைத்தியரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2012 முதல் நம் நாட்டில் உத்தரவு உண்டு. அது நியாயம், மறைத்தால் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தொற்றும். ஆராய்ச்சியும் அப்படியே. நேற்றைய நோயாளிகளின் குறிப்புகளிலிருந்து கற்றதால்தான் இன்றைய நோயாளிக்கு மருந்து கிடைக்கிறது. அந்தப் பலனை வாங்கிக்கொண்டு, நம் பங்கு என்று வரும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொள்வதும் அழகல்ல. ஆகவே, ஆள் விளங்காதபடி நீக்கி, சொல்லிக் கேட்டு, சொன்ன காரியத்துக்கு மட்டும் உபயோகிப்பதாக இருந்தால் மனமுவந்து கொடுக்கலாம். நல்ல நிய்யத்து இருந்தால் ஸதகாவின் நன்மையையும் அதில் எதிர்பார்க்கலாம்.

விற்பது வேறு விஷயம். தனக்குச் சொந்தமில்லாததை விற்க எவருக்கும் உரிமை கிடையாது. விற்று வந்த இலாபம் யாருக்கு என்பதற்கும் ஒரு பழைய மஸ்அலா இருக்கிறது. அமானிதப் பணத்தை அனுமதியின்றி வியாபாரத்தில் போட்டு ஒருவர் இலாபம் கண்டால், அந்த இலாபம் அவருக்கு ஹலாலான நல்ல பொருளாகாது, ஸதகா செய்துவிட வேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா, இமாம் முஹம்மது (ரஹ்) ஆகியோரின் முடிவு. இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் இதில் மாறுபடுகிறார்கள். 'ஹிதாயா' ஓதியவர்கள் இந்த இடத்தை அறிவார்கள். மாறுபட்டவர்கள்கூட அனுமதியின்றி எடுத்தது ஆகும் என்று சொல்லவில்லை.

இன்னொன்று. அமானிதம் வைத்திருப்பவர் திவாலானால் அவருடைய கடன்காரர்கள் அந்த அமானிதத்தைத் தொட முடியாது. உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். கம்பெனிகளின் உலகத்தில் எப்படி என்று பாருங்கள். உமிழ்நீரை வாங்கி, பரம்பரையையும் வரக்கூடிய வியாதிகளையும் சொல்லும் '23 அண்ட் மீ' என்ற அமெரிக்கக் கம்பெனியிடம் சுமார் 1 கோடியே 50 இலட்சம் பேர் தங்கள் விவரத்தைக் கொடுத்திருந்தார்கள். 2018-ல் ஒரு பெரிய மருந்துக் கம்பெனி இதில் 30 கோடி டாலர் முதலீடு செய்தது. 2025 மார்ச்சில் அது திவால் மனுப் போட்டது. மக்களின் விவரங்களும் கம்பெனியின் சொத்தோடு ஏலத்துக்கு வந்தன. பல மாநில அரசுகள் ஆட்சேபித்தன. கடைசியில் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் தலைமையிலான, இலாப நோக்கமற்ற நிறுவனம் ஒன்று 30 கோடி டாலருக்குமேல் கொடுத்து வாங்கிக்கொண்டது. வேறு எவராவது வாங்கியிருந்தால்? அண்ணன் உமிழ்நீரைக் கொடுத்தால் தம்பியின், அவர் பிள்ளைகளின் இரகசியமும் அதில் பாதி போகிறது. தம்பியிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் தாளை நீட்டினால், "இது வைத்தியத்துக்கா, வேறு காரியத்துக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். போனில் வரும் 'சம்மதம்' என்ற பொத்தானை யோசிக்காமல் பிள்ளைகள் கையால் அழுத்த விடாதீர்கள். ஆபா எண் வேண்டாம் என்றால் நீக்கிக்கொள்ள வழி இருக்கிறது. வேண்டும் என்றால் வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. நம்மவர்களில் மருந்துக் கடை, பரிசோதனைக் கூடம், ஆஸ்பத்திரி நடத்துபவர்கள் இவ்வூரிலும் காரைக்காலிலும் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் பட்டியலைக் கேட்டு மருந்துக் கம்பெனியின் ஆள் வந்தால் என்ன பதில் சொல்கிறார்கள் என்பதில் அவர்களுடைய ஸகாத்துக் கணக்கைப் போலவே கவனம் வேண்டும்.

மவுத்தானவர்களின் விவரம் என்ன ஆவது என்று பலரும் யோசிப்பதில்லை. ஜனாஸாவைக் குளிப்பாட்டுபவர் மய்யித்தின் உடலில் ஏதேனும் குறையைக் கண்டால் வெளியே சொல்லக் கூடாது என்று கிதாபுகளில் படித்திருக்கிறோம். அந்த உடலைப் பற்றி ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் இருப்பது குளிப்பாட்டியவர் கண்டதைவிட எவ்வளவோ அதிகம். 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஒருவர் இறந்தாலோ சுயநினைவு இழந்தாலோ அவருடைய விவரங்களின்மீது உள்ள உரிமையைச் செலுத்த இன்னொருவரை நியமித்து வைக்க இடமளிக்கப்பட்டிருக்கிறது. வஸிய்யத்து எழுதி வைக்கும் வழக்கமுள்ள குடும்பங்கள், நம்பிக்கையான ஒரு மகனின் அல்லது மகளின் பெயரை இதற்கென்றும் அதே தாளில் எழுதி வைக்கலாம்.